வெனிஸில் நான்கு நாள்: ஒரே பாலத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வது ஏன்?

நவம்பர் நடுவில் நான்கு நாள் வெனிஸில் தங்கப் போவதாகவும், கையில் ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் நடுத்தர அளவு உணரி கொண்ட கேமரா ஒன்றும் அதோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸும் 35 மி.மீ. லென்ஸும் இருப்பதாகவும், பயணப் புகைப்படக் கலையை அங்கேயே கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் பயிற்சிப் பட்டறையில் பணம் கட்டிச் சேரலாமா, தனியாகவே சுற்றிப் பழகலாமா என்பது உங்கள் கேள்வி. நான் மூன்று முறை, மூன்று வெவ்வேறு பருவங்களில் அந்த ஊரில் படம் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், பட்டறைக்கு ஒரு மாலை போதும். மீதி நேரத்தில் நான்கைந்து இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, வெவ்வேறு பொழுதுகளில் அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போங்கள். நான்கு நாளில் அறுபது இடங்களைப் பார்ப்பவருக்குக் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

முதல் பயணத்தில் நான் செய்த தவற்றைச் சொன்னால் இந்த யோசனையின் காரணம் விளங்கும். அது ஜூலை மாதம், இரண்டே நாள், கையில் முப்பது இடங்களின் பட்டியல். ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம், பெருமூச்சுப் பாலம், புரானோ தீவு என்று ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கி ஓடினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. வீடு திரும்பி அவற்றைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாமே காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில், சுட்டெரிக்கும் வெயிலில், முன்னால் நின்றவர்களின் தலைகளுக்கு மேல் கையைத் தூக்கி எடுத்தவை என்பது தெரிந்தது. எந்தப் பாலத்தில் எந்தப் பொழுதில் வெளிச்சம் எங்கே விழும் என்பதை அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. எந்த இடத்தையும் இரண்டாம் முறை பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒருவரை உதாரணமாகச் சொல்லலாம். 1908ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தம் 67ஆம் வயதில், ஓவியர் கிளாடு மோனே முதன்முறையாக வெனிஸுக்கு வந்தார். இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகமாகத் தங்கிய அவர், சில இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் நாளின் குறிப்பிட்ட இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். காலையில் வரைந்த துணியை மாலையில் தொடுவதில்லை. ஏறத்தாழ 37 ஓவியங்கள் அங்கே தொடங்கப்பட்டன. ஆனால் அவற்றில் உள்ள காட்சிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. நான்கு நாள் மட்டும் இருக்கும் உங்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது என்றாலும், இடத்தையும் பொழுதையும் சேர்த்து ஒரே அலகாக எண்ணும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஊரின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கழி ஒன்றின் நடுவே, 118 சிறு தீவுகளை நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. கிராண்ட் கனால் எனப்படும் பெருங்கால்வாய், திருப்பிப் போட்ட ‘எஸ்’ எழுத்தைப் போல 3.8 கிலோமீட்டர் வளைந்து ஓடுகிறது. அதைக் கடக்க நான்கே பாலங்கள். சிறு கால்வாய்க்கு ‘ரியோ’, சந்துக்கு ‘கால்லே’, வீடுகள் சூழ்ந்த திறந்தவெளிக்கு ‘காம்போ’, கால்வாயோர நடைபாதைக்கு ‘ஃபொந்தமெந்தா’, கட்டடத்துக்கு அடியில் குகைபோல நுழைந்து செல்லும் வழிக்கு ‘சோத்தோபோர்த்தெகோ’ என்று பெயர். இந்தச் சொற்கள் சுவர்களிலேயே எழுதப்பட்டிருக்கும். படம் எடுப்பவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு வகை வெளிச்சத்தின் பெயரும் ஆகும் என்பதால் கற்றுக்கொள்வது பயன்படும்.

உங்கள் முதல் வகுப்பறையாக அக்காதெமியா பாலத்தைப் பரிந்துரைக்கிறேன். 1854இல் இங்கே இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1933இல் அதை அகற்றிவிட்டுத் தற்காலிகமாக ஒரு மரப்பாலம் போட்டார்கள். 1980களில் அதே வடிவில் புதுப்பித்துக் கட்டப்பட்டு, அந்தத் தற்காலிகத்தின் உருவம்தான் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் கிழக்கு நோக்கி நின்றால், இரு கரையிலும் மாளிகைகள் வரிசையாக நிற்க, கால்வாயின் கடைசியில் சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்தின் குவிமாடங்கள் தெரியும். உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட காட்சிகளில் ஒன்று என்பதால் பலர் இதை ஏளனமாகப் பேசுவார்கள். கற்பவருக்கு அந்த ஏளனம் தேவையில்லை. எல்லோரும் எடுத்த காட்சி என்பதால்தான், உங்கள் படத்தில் எது சரியில்லை என்பதை ஒப்பிட்டு அறிவது அங்கே எளிது.

நவம்பர் நடுவில் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி உதித்து, மாலை 4.40க்கு முன்பே மறைந்துவிடும். காலையில் அது குவிமாடங்களின் பக்கமிருந்தே எழுவதால், தேவாலயம் கருநிழலாகவும் நீர் வெள்ளித் தகடாகவும் தெரியும். கேமராவின் ஒளி அளவியை அப்படியே நம்பினால் வானம் வெளுத்துவிடும், எனவே எக்ஸ்போஷரை ஒரு படி, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியைப் பாதியாக, குறையுங்கள். மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. அதே குவிமாடங்கள் அப்போது மஞ்சளும் ரோஜா நிறமுமாக ஒளிரும். மறைந்த பிறகு இருபது முதல் முப்பத்தைந்து நிமிடம் வரை வானத்தின் நீலமும் சன்னல் விளக்குகளின் மஞ்சளும் ஒரே அளவுப் பிரகாசத்தில் நிற்கும். பெரும்பாலோர் சூரியன் மறைந்ததும் இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்ப வேண்டாம். முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் விடியல், மூன்றாம் நாள் நண்பகலில் ஒரு பத்து நிமிடம், நான்காம் நாள் மீண்டும் மாலை என்று ஒரே இடத்தில், ஒரே லென்ஸில், ஏறத்தாழ ஒரே சட்டகத்தில் எடுத்துப் பாருங்கள். நண்பகல் படத்தை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், அது நன்றாக வராது. எதனால் வரவில்லை என்று மற்ற மூன்றோடு வைத்துப் பார்க்க அது வேண்டும்.

மரப்பாலத்தில் முக்காலி வைத்தால் மக்கள் நடக்கும்போது ஏற்படும் அதிர்வு நீண்ட எக்ஸ்போஷரைக் கெடுக்கும். கைப்பிடிச் சுவரில் கேமராவை அழுத்திப் பிடித்து, இரண்டு விநாடித் தாமதத்தில் வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 1600இல் வைத்து எடுப்பது பெரும்பாலும் நல்ல முடிவைத் தரும்.

உண்மையில் வெனிஸ் ஒரு கற்பவருக்குத் தரும் மிகப் பெரிய பாடம் பெருங்கால்வாயில் இல்லை, அதன் பின்னால் உள்ள சிறு கால்வாய்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். கான்னாரேஜியோ அல்லது தோர்சோதூரோ பகுதியில் மூன்று நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு ரியோவைத் தேர்ந்துகொண்டு, அதன் சிறு பாலத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். இருபுறமும் நான்கு மாடி உயரத்துக்குச் சுவர்கள். நவம்பர் வெயில் தாழ்வாக வருவதால் அது நீரைத் தொடுவதே இல்லை. ஒரு பக்கச் சுவரின் மேல் மாடியில் மட்டும் செங்கல்லும் உதிர்ந்த காரையும் தீப்பிடித்ததுபோல எரியும். கீழே எல்லாம் நீல நிழல். ஆனால் நீரைப் பார்த்தால் அது பொன்னாக இருக்கிறது, ஏனென்றால் அது தன் மேல் விழாத வெயிலை, எதிர்ச்சுவரின் உச்சியிலிருந்து வாங்கிக் காட்டுகிறது. சற்றுப் பொறுத்தால் அந்தப் பொன்னில் ஒரு பகுதி மீண்டும் மேலேறி, பாலத்தின் அடிவளைவில் மங்கலாக நடுங்குவதையும் பார்ப்பீர்கள். ஒரே வெயில் சுவர், நீர், பாலம் என்று மூன்று இடங்களில் மூன்று நிறமாக நிற்கும் இந்தக் காட்சியை ஒருமுறை கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டால், ‘வெளிச்சத்தைப் பார்’ என்று ஆசிரியர்கள் சொல்வதன் பொருள் தானாகப் புரிந்துவிடும்.

இதைப் படமாக்குவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மேல் மாடிச் சுவருக்கும் கீழ் நிழலுக்கும் உள்ள பிரகாச வேறுபாடு கேமரா தாங்கக்கூடியதைவிட அதிகம். எனவே மேல் சுவரை வேண்டுமென்றே சட்டகத்திலிருந்து வெளியேற்றிவிட்டு, பிரதிபலிப்பை மட்டும் வைத்து அளவெடுங்கள். அடுத்தது கேமராவின் உயரம். நீரை மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும்போது அது குறைவாகவே பிரதிபலிக்கும். பார்வை நீர்ப்பரப்பை ஒட்டித் தாழத் தாழப் பிரதிபலிப்பு வலுக்கும். பாலத்தின் உச்சியில் நிற்பதைவிட, கால்வாய்க்குள் இறங்கும் படித்துறையின் மேல் படியில் உட்கார்ந்து எடுத்த படத்தில் பொன்னிறம் கெட்டியாக வருவதற்கு இதுதான் காரணம். கீழ்ப் படிகளில் பச்சைப்பாசி படிந்திருக்கும். அவற்றில் கால் வைக்காதீர்கள். போலரைசர் ஃபில்டரை எல்லோரும் வாங்கச் சொல்வார்கள். அது நீரின் பளபளப்பை அகற்றுவதற்கென்றே உள்ள கருவி; வெனிஸில் அந்தப் பளபளப்புதான் உங்கள் பொருள் என்பதால், அதைப் பையிலேயே விட்டுவிடலாம்.

கண்ணாடிபோல நீர் அசையாமல் கிடக்க வேண்டுமென்றால் படகுகள் ஓடக் கூடாது. காய்கறி, மதுப்புட்டி, சலவைத்துணி, கட்டுமான மணல், குப்பை என அந்த ஊரில் எல்லாமே படகில்தான் போகிறது. வார நாட்களில் காலை எட்டு மணிக்குள் சரக்குப் படகுகள் நீரைக் கலக்கிவிடும். ஞாயிறு விடியலும் இரவு பத்து மணிக்குப் பிந்தைய நேரமும் அமைதியானவை. சரக்குப் படகுகளைத் தொந்தரவாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒரு குளிர்பதனப் பெட்டியை இருவர் கைவண்டியில் ஏற்றிப் பாலத்தின் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கும் காட்சி, முகமூடி அணிந்து நிற்பவரின் படத்தைவிட அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்லும்.

நவம்பரில் போகிறீர்கள் என்பதால் நீர்மட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறியும் இறங்கியும் வருகிறது. இலையுதிர் காலத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று அத்துடன் சேர்ந்தால் ஊருக்குள் நீர் புகும். இதற்கு ‘ஆக்குவா ஆல்த்தா’ என்று பெயர். 1966 நவம்பர் 4ஆம் தேதி 194 செ.மீ., 2019 நவம்பர் 12ஆம் தேதி 187 செ.மீ. என்பவை பதிவில் உள்ள மிக உயர்ந்த அளவுகள் (இவை தெருவில் நின்ற நீரின் ஆழமல்ல, அடிப்படைக் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம்). 2020 அக்டோபரிலிருந்து கடற்கழியின் வாய்களில் ‘மோசே’ எனப்படும் நகரும் தடுப்புகள் இயங்குகின்றன. பொதுவாக 110 செ.மீ.க்கு மேல் ஏறும் என்று முன்னறிவிப்பு வரும்போது அவை எழுப்பப்படுகின்றன. ஊரிலேயே மிகத் தாழ்வான இடமாகிய சான் மார்கோ சதுக்கத்திலோ 80-90 செ.மீ.யிலேயே நீர் தேங்கத் தொடங்கிவிடும். இடைப்பட்ட அந்த அளவில்தான், சதுக்கத்தின் தரையில் விரலளவு நீர் பரவி, மணிக்கூண்டும் பேராலயமும் தலைகீழாகத் தெரியும் படங்கள் கிடைக்கின்றன. நீர் கரையைத் தாண்டி ஓடிவருவதில்லை. தரையில் உள்ள வடிகால் துளைகளிலிருந்து மேலே ஊறி வருகிறது என்பதால், முதலில் அந்தத் துளைகளைச் சுற்றி வட்டமாகச் சிறு குட்டைகள் தோன்றும். அந்தத் தொடக்க நிலைதான் எனக்குப் பிடித்தது. கேமராவைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் தட்டளவு குட்டைகூட ஏரியாகத் தெரியும். நகராட்சி வெளியிடும் நீர்மட்ட முன்னறிவிப்பை முந்தின இரவே பார்த்துவிட்டு, ரப்பர் காலணியோடு போங்கள். மக்கள் நடப்பதற்காகப் போடும் பலகை மேடைகளில் நின்று படம் எடுப்பது மட்டும் வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே சாலை.

மூடுபனிக்கு வெனிஸ்காரர்கள் தங்கள் மொழியில் ‘காய்கோ’ என்கிறார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் அது இறங்கலாம். பனி நாளில் அறையில் முடங்கிவிடுபவர் இந்த ஊரின் பாதியை இழக்கிறார். தூரத்துக் கட்டடங்கள், கட்டுமானச் சாரங்கள், கடை விளம்பரங்கள் எல்லாம் அழிந்து, கடற்கழியின் நீர்வழியைக் காட்டும் மரக்கம்பக் கொத்துகள் மட்டும் வரிசையாக மங்கிக்கொண்டே போகும். கேமராவின் அளவி வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். தானியங்கி ஃபோகஸ் பனியில் தடுமாறினால் அருகிலுள்ள மரக்கம்பத்தின் விளிம்பில் குவித்துக்கொள்ளுங்கள். என்னுடைய நவம்பர் பயணத்தில், அப்படியொரு காலையில் இரண்டு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு, ஒரு காபிக்காகக் கதகதப்பான கடைக்குள் நுழைந்தேன். நுழைந்த மாத்திரத்தில் லென்ஸின் முன்கண்ணாடி முழுவதும் நீர் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் பூத்தது. வெளியே பனி விலகிச் சூரியன் தட்டாக எட்டிப் பார்த்த அரை மணி நேரத்தை நான் உள்ளே கைக்குட்டையோடு கழித்தேன். கடைக்குள் நுழையுமுன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக மூடிவிட்டால் ஈரம் பையின் மேல்தான் படியும். இரண்டு ரூபாய்ப் பை போதும். நான் அதைக் கொண்டுபோகவில்லை.

கொண்டோலாவைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. எடுக்கும் முன் அதைச் சற்று உற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலமானது. படகோட்டி பின்முனையில் நின்று வலப்பக்கமாக ஒரே துடுப்பால் வலிக்கிறார். படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் இருக்கவே இந்தக் கோணல். இதனால் வெற்றுப் படகு வலப்பக்கம் சாய்ந்தே மிதக்கும். அடிவானத்தை நேராக வைத்தும் ‘படகு சாய்ந்திருக்கிறதே’ என்று நினைத்துப் படத்தைத் திருத்திவிடாதீர்கள். படத்தை யாராவது இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தால் துடுப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது கூடுதல் வேடிக்கை. முன்முனையில் உள்ள இரும்பின் ஆறு பற்கள் நகரின் ஆறு பகுதிகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். இந்தப் படகுகளைச் செய்து பழுதுபார்க்கும் சான் த்ரோவாசோ பட்டறையை எதிர்க்கரையில் நின்று எடுக்கலாம். மலைப்பகுதியிலிருந்து வந்த தச்சர்கள் கட்டியதால் அது மலைநாட்டு மரவீடுபோல இருக்கும்; கவிழ்த்துப் போட்ட கரிய படகுகளின் அடிப்பாகம் வரிசையாகத் தெரியும்.

பகலில் அரை மணி நேரச் சவாரிக்குக் கொண்டோலாவின் அதிகாரபூர்வக் கட்டணம் 90 யூரோ. நீரிலிருந்து படம் எடுக்க அவ்வளவு செலவிடத் தேவையில்லை. சாந்தா சோஃபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்குப் பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் ‘த்ரகெத்தோ’ என்ற படகு 2 யூரோவுக்கு அதே நீர்மட்டப் பார்வையை இரண்டு நிமிடம் தரும். மற்றபடி ‘வப்போரெத்தோ’ எனப்படும் பொதுப் படகின் முதலாம் எண் தடம் பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று போகிறது. மூன்று நாள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டால் அதை ஓடும் முக்காலியாகவே பயன்படுத்தலாம். நகரும் படகிலிருந்து எடுக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 விநாடிக்கு மேற்போகாமல் வையுங்கள். சான் மார்கோ கரையில் கட்டிக்கிடக்கும் கொண்டோலாக்களை விடியலில் முக்காலி வைத்து எட்டுப் பத்து விநாடி திறந்து எடுத்தால், படகுகள் அலையில் கலங்கி, பின்னால் சான் ஜோர்ஜோ தீவு மட்டும் கூர்மையாக நிற்கும். அது தேய்ந்த உத்திதான். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

மனிதர்களை எடுக்கப் பழகுவதற்கு ரியால்டோ மீன் சந்தையைப்போல இடமில்லை. செவ்வாய் முதல் சனி வரை காலையில் மட்டும் நடக்கும். 1907இல் கட்டிய வளைவு மண்டபத்தின் தூண்களுக்கிடையே சிவப்புத் திரைகள் தொங்கும். வெயில் அவற்றினூடே வரும்போது பனிக்கட்டி, மீன்காரரின் கை, வாங்குபவரின் முகம் எல்லாம் செம்மை பூசிக்கொள்ளும். வெளிச்சத்தின் நிறச்சாயலைக் கேமரா தானே நீக்கும் தானியங்கி வெண்சமன் அதைத் ‘திருத்தி’ உயிரற்றதாக்கிவிடும் என்பதால் பகல்வெளிச்ச அமைப்பில் வைத்து, கேமரா பதிந்த மூலத் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமியுங்கள். சந்தைச் சுவரில், எந்த மீனை எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று பொறித்த பழைய சலவைக்கல் ஒன்று உண்டு; அதன் கீழே இன்றைய மீன் கிடக்கும் சட்டகம் ஒன்றை முயன்று பாருங்கள். அங்கே நிற்பவர்கள் வேலை செய்பவர்கள். முதலில் கொஞ்சம் எதையாவது வாங்கிவிட்டு, கேமராவைக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். பெரும்பாலோர் தலையசைப்பார்கள், அசைக்காதவரை விட்டுவிடுங்கள். இத்தாலியின் 1941ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவரின் உருவப்படத்தை அவர் இசைவின்றி வெளியிட முடியாது. பொது நிகழ்ச்சிகளில் எடுத்தவை போன்ற சில விதிவிலக்குகளே உண்டு.

மக்களும் கட்டடமும் நீரும் ஒரே சட்டகத்தில் எப்படி அடங்கலாம் என்பதற்கு, இத்தாலியப் புகைப்படக்காரர் ஜான்னி பெரெங்கோ கார்தின் 1960இல் வப்போரெத்தோவுக்குள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பாருங்கள். படகின் கண்ணாடிக் கதவுகளில் பயணிகளும் அவர்களின் பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, எது உள்ளே எது வெளியே என்று பிரிப்பதற்கே சற்று நேரம் பிடிக்கும். கொண்டோலாவும் இல்லை, குவிமாடமும் இல்லை. அவரே பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஊருக்குள் நுழைந்த ராட்சதப் பயணக் கப்பல்களை வீடுகளின் கூரைக்கு மேல் எழுந்து நிற்பவையாக எடுத்தார். 2015இல் அந்தப் படங்களின் கண்காட்சியை நகர மேயர் நிறுத்திவைத்தது பெரிய சர்ச்சையாயிற்று. 2021 ஆகஸ்டிலிருந்து அத்தகைய பெருங்கப்பல்கள் சான் மார்கோ முன்னால் செல்லத் தடை வந்துவிட்டது.

லென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பவை போதும். குறுகிய சந்துகளில் எல்லாவற்றையும் அடக்க அகலக்கோண லென்ஸ் வேண்டும் என்ற ஏக்கம் வரும்; அது பழைய ஏக்கம். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் கனலெத்தோ பயன்படுத்தியதாகக் கருதப்படும், எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழவைத்து வரைய உதவும் இருட்டறைப் பெட்டி ஒன்று கொர்ரேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தகைய பெட்டியின் உதவியோடு பல நிலைகளிலிருந்து பார்த்தவற்றை அவர் ஒரே ஓவியத்தில் பொருத்தினார். அதனால்தான் அவர் காட்டும் கால்வாயை எந்த ஒரே இடத்தில் நின்றும் முழுதாகப் பார்க்க முடியாது. அவரோடு போட்டியிட வேண்டாம். இரண்டு நாளுக்கு 35 மி.மீ. லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு, அடங்காததை விட்டுவிடப் பழகுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதவரை சுவர்கள் உள்நோக்கிச் சரியாது. அங்கே பல மணிக்கூண்டுகள் உண்மையிலேயே சாய்ந்தவை. புரானோ தீவின் கூண்டை நேராக்க முயன்று ஒரு மாலையை வீணாக்கியவன் சொல்கிறேன்.

படங்களைப் பின்னர் திருத்துவது தவறா என்ற உங்கள் சந்தேகத்துக்கு வெனிஸிலேயே ஒரு பதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே படக்கூடம் வைத்திருந்த கார்லோ நாயா, பயணிகளுக்கு ‘நிலவொளியில் வெனிஸ்’ என்ற படங்களை விற்றார். அவை பகலில் எடுத்தவை. கருமையாக அச்சிட்டு, நீலம் தீட்டி, நிலவைச் சேர்த்தவை. அன்றைய தகடுகளால் இரவை எடுக்க முடியாதபோது அது ஒரு வழி. இன்றைய கேமரா இரவையே எடுத்துவிடும் என்பதால், நிறத்தையும் ஒளியையும் சீர்செய்வதோடு நான் நின்றுவிடுவேன்.

இனிப் பயிற்சிப் பட்டறை. மூன்று நாள் கட்டணம் கேட்பவர்களில் பலர், நான் மேலே சொன்ன இடங்களுக்கே வரிசையாக அழைத்துப்போய் நிறுத்துவார்கள். அதற்குப் பதிலாக, அங்கேயே வாழும் ஒரு புகைப்படக்காரருடன் முதல் மாலை மூன்று மணி நேரம் நடக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சேரும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், எடுத்த படங்களை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசுவீர்களா? ஆறு பேருக்கு மேல் என்றாலோ, இரண்டாவது கேள்விக்கு மழுப்பினாலோ அந்தப் பணத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். கடற்கழிக்கு அப்பால் மெஸ்த்ரேயில் தங்காமல் தீவுக்குள்ளேயே தங்குவது முக்கியம். விடியல் நேரத்துப் பாலங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். பகல்நேரப் பயணிகளிடம் 2024இலிருந்து வாங்கும் நுழைவுக் கட்டணம் வசந்த, கோடை மாதங்களின் சில நாட்களுக்குத்தான். நவம்பரில் அந்தக் கவலையில்லை. ட்ரோனைக் கொண்டுபோகவே வேண்டாம். அனுமதியின்றி ஊர்மேல் பறக்கவிட முடியாது. உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால், சான் மார்கோ கூண்டைவிட சான் ஜோர்ஜோ தீவின் மணிக்கூண்டு நல்லது; மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு, சான் மார்கோவும் காட்சிக்குள் வந்துவிடும்.

தேதியில் சற்று நெகிழ்வு இருந்தால் நவம்பர் 21ஆம் தேதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1630-31ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகத்தான் சலூத்தே தேவாலயம் எழுப்பப்பட்டது. அந்த நாளில் நகர மக்கள் குடும்பத்தோடு மெழுகுவத்தி ஏற்ற வருகிறார்கள். அவர்கள் வருவதற்காகச் சாந்தா மரியா தெல் ஜிலியோவிலிருந்து பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் ஒன்று போடுவார்கள். முதல் நாள் அக்காதெமியாவில் நின்று தூரத்தில் பார்த்த அதே குவிமாடங்களை, ஆண்டில் மற்ற நாட்களில் வெறும் நீராக இருக்கும் இடத்தில் நின்றபடி, கையில் மெழுகுவத்தியோடு கடக்கும் பாட்டிமாருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவிலிருந்து எடுக்கலாம். மாலை நான்கரைக்குப் போய், கைப்பிடியோரம் ஒதுங்கி, நடப்பவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.